கரவன் தரையில் ஒரு ஓட்டை

விமானத்தின் வாசலுக்கும் அதில் கொண்டுவந்து பொருத்தும் படிக்கட்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். நாலு விரல் அகலம், அவ்வளவுதான். ஆனால் அதற்குள்ளால் பார்த்தால், ஒரு வீட்டு உயரத்துக்குக் கீழே, மழையில் நனைந்த தரை மினுங்குவது தெரியும். லண்டன் ஹீத்ரோவில் விமானம் துப்பரவாக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், றோஸ்மலர் அந்த இடைவெளிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஆறு பேரும் படியில் நின்று சத்தம் போட்டார்கள். அருள் நிறைந்த மரியே செபம் சொல்லிக்கொண்டு, கண்ணை மூடித்தான் உள்ளே கால் வைத்தாள்.

இரண்டாம் நாள் அவளுக்கு முன்னால் ஏறிய பெண், தோளில் இருந்த பெரிய கறுப்புப் பையை அந்த இடைவெளிக்கு மேலே தொப்பென்று போட்டுவிட்டு, குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினார். பை இடைவெளியை முழுக்க மறைத்துவிட்டது. றோஸ்மலர் சுகமாக உள்ளே போனாள். அடுத்த விமானத்திலும் அப்படியே. அடுத்த நாளும் அப்படியே. ஒரு ஷிப்டில் ஏழு விமானம் வந்தால் ஏழு முறையும் அந்தப் பெண்ணின் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தது.

"ஆர் வாசல்ல பை வைக்கிறது?" என்று மேற்பார்வையாளர் ஒருநாள் கத்தினார்.

"கை உளையுது ஐயா. வயசு போகுதெல்லே," என்றார் அந்தப் பெண்.

அவருடைய சப்பாத்தில் கயிறே இல்லை என்பதை றோஸ்மலர் கண்டது நாலு மாதம் கழித்துத்தான். ஒட்டுகிற பட்டி வைத்த சப்பாத்து. அன்றைக்கு அவளுக்கு எல்லாம் விளங்கியது. ஆனால் அவர் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை; அவளும் கேட்கவில்லை. அவர்தான் மரிய கொறற்றி. ஹீத்ரோவுக்குப் பக்கத்தில், ஹவுன்ஸ்லோவில் எல்லோருக்கும் கொறற்றி அக்கா.

கொறற்றி அக்கா மன்னார் பேசாலைக்காரி. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் கடல் கடந்து, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் ஹவுன்ஸ்லோவில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியேறியவர். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டால், "மோதிரத்துக்கு ஒருத்தரும் அளவெடுக்க வரேல்லை" என்று சிரிப்பார். அவருடைய அறையில் சுவர்த் தட்டு கழன்று விழுந்தபோது வீட்டுக்காரன் திருத்தித் தரவில்லை. ஞாயிற்றுச் சந்தையில் ஒரு பழைய ட்ரில் வாங்கி வந்து தானே பூட்டினார். அன்று தொடங்கியது அந்தக் கைப்பழக்கம். போனில் படம் பார்த்துத்தான் பழகினார். பேசுகிற ஆள் என்ன சொல்கிறான் என்று கவனிக்கமாட்டார். அவன் கை என்ன செய்கிறது என்று மட்டும் பார்ப்பார்.

மற்றதெல்லாம் அவருக்கு விமானம் சொல்லிக்கொடுத்தது. பத்தொன்பது வருடம் விமானச் சமையலறைகளைத் துடைத்த கை அது. அங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு இடம், ஒவ்வொரு கதவுக்கும் பூட்ட ஒரு திறாங்கு. ஒரு சாமானும் சும்மா கிடக்காது. "ஆகாயத்தில தலைகீழா ஆடினாலும் திறக்கக்கூடாது," என்பார். எந்தத் திறாங்கைப் பூட்டினாலும் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். கொஞ்சம் பொறுத்து, அது மறந்திருக்கிற நேரம் பார்த்து, மூன்றாம் முறையும் இழுப்பார்.

இந்தக் கைக்கு ஒரு பெரிய வேலை வந்தது, றோஸ்மலரின் கணவர் சவிரிமுத்துவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன பிறகு.

சவிரிமுத்து பஸ் ஓட்டிய மனிதர். ஆசுப்பத்திரியில் அவருடைய வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்தார்கள். அந்தக் குழாயால் இரண்டு லீற்றர் மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் வைத்து, பிறகு வெளியே எடுத்துப் புதுத் தண்ணீர் விடவேண்டும். ஒரு நாளைக்கு நாலு முறை. வீட்டில் அதைச் செய்வது றோஸ்மலர்தான். ஆறாம் வகுப்புக்கூடப் படிக்காத அவளுக்குத் தாதி மூன்று நாள் இருந்து பழக்கினாள். கை கழுவவேண்டும், முகமூடி போடவேண்டும், யன்னல் எல்லாம் மூடியிருக்கவேண்டும். காற்று அடிக்கக்கூடாது. காற்றில் தூசி வரும், தூசியில் கிருமி வரும், கிருமி குழாய்க்குள் போனால் வயிறு முழுக்க நஞ்சாகிவிடும்.

"நோ ட்ராஃப்ட், மிஸிஸ் சவிரிமுத்து. நோ ட்ராஃப்ட்," என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனாள் தாதி.

றோஸ்மலருக்கு அந்தச் சொல் வேதவாக்காய்ப் போயிற்று. சவிரிமுத்துவின் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்பது தன்னுடைய இரண்டு கையும் மூடிய யன்னலும்தான் என்று நம்பினாள். திரைச்சீலை அசைந்தால் ஓடிப்போய் யன்னலை இறுக்கினாள். ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றி முடித்ததும் வெளியே வந்த தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கலங்கியிருந்தால் கிருமி என்று அர்த்தம். தெளிவாக இருந்தால் சிலுவை போட்டுக்கொள்வாள். நாலு மணி நேரம் கழித்து அந்தப் பயம் முதலில் இருந்து தொடங்கும்.

ஆசுப்பத்திரியில் கிடந்தபோது சவிரிமுத்து ஒரு நேர்த்தி வைத்திருந்தார். உயிரோடு எழும்பினால், ஆடி மாதம் தமிழ்ச் சனம் போகும் வால்சிங்கம் மாதா கோயில் யாத்திரையில், தன் கையால் ஒரு பெரிய கிடாரம் கஞ்சி காய்ச்சி வருகிறவர்களுக்கு வார்ப்பேன் என்று. லண்டனில் இருந்து நாலு மணி நேர ஓட்டம். நாலு மணிக்கொரு தரம் தண்ணீர் மாற்றுகிற ஆள் எங்கே, எந்தச் சுத்தமான அறையில் மாற்றுவது?

மகன் ஜெனோசன்தான் அந்தப் பழைய கரவனை வாங்கி வந்தான். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வீடு. இரண்டு சில்லு, ஒரு கட்டில், இரண்டு அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. உள்ளே பூஞ்சண மணம். முதல் முறை தெருவில் இழுத்துப் பார்த்தபோது வளைவு ஒன்றில் அலுமாரிக் கதவெல்லாம் ஒன்றாகத் திறந்து, றோஸ்மலர் ஆசையாக அடுக்கி வைத்த கோப்பைகள் எல்லாம் தரையில் சிதறின.

"அம்மா, இது சரிவராது," என்றான் ஜெனோசன்.

"கொறற்றி அக்காவைக் கூப்பிடு," என்றாள் றோஸ்மலர்.

கொறற்றி அக்கா வந்து வாசலில் நின்று கரவனைக் காலில் இருந்து தலை வரை பார்த்தார், கலியாணத்துக்குப் பெண் பார்ப்பதைப் போல.

"சின்னப் பிளேன் தான்," என்றார். "சிறகு மட்டும் இல்லை."

அந்த வசந்தகாலம் முழுக்க, ஷிப்ட் இல்லாத நாள்களில் வந்து வேலை செய்தார். முதலில் பூஞ்சணம் பிடித்த பலகைகளைக் கழற்றி எறிந்தார். அலுமாரிக் கதவுகளுக்கு அமுக்கித் திறக்கும் திறாங்குகள் வைத்தார். மிளகாய்த்தூள், சரக்குத் தூள் ரின்களுக்கு முன்னால் திரைச்சீலைக் கம்பிச் சுருளை இழுத்துக் கட்டினார். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் ரின் விழாது. இருக்கைக்குக் கீழே இழுத்துத் திறக்கும் இரண்டு ஆழமான லாச்சிகள் செய்து, மருந்துத் தண்ணீர்ப் பெட்டிகளை அதற்குள் வைக்கச் சொன்னார்.

"ஏன் அக்கா, பின்னுக்குத்தானே நிறைய இடம் கிடக்கு?"

"பின்னுக்கு வைச்சால் வண்டி வாலை ஆட்டும். பாரம் எல்லாம் சில்லுக்கு மேல. பிளேனிலயும் அப்பிடித்தான்."

துடைக்கச் சுகமான வெள்ளைத் தகடு ஒட்டி, மடித்து வைக்கும் மேசை ஒன்று செய்தார். அது தண்ணீர் மாற்றுவதற்கு மட்டும். தண்ணீர்ப் பை தொங்கக் கூரைச் சட்டத்தில் ஒரு கொளுக்கி பூட்டினார். பூட்டிவிட்டு அதில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டார். சவிரிமுத்து வந்து பார்த்துவிட்டு, "என்ன அக்கா, அரிசிக்கு மருந்து ஏத்துறியளோ?" என்று கேட்டார்.

"அதுக்குப் பிறகு உமக்குத்தான் தம்பி," என்றார்.

கட்டிலுக்கு மேலே, தலைமாட்டில், மாதாவின் படம் மாட்டவேண்டும் என்று றோஸ்மலர் ஒரு இடம் பார்த்து வைத்திருந்தாள். அதே இடத்தில் கொறற்றி அக்கா வெள்ளை நிறத்தில் ஒரு சின்னப் பெட்டியை நாலு ஆணி அடித்து இறுக்கினார்.

"இது என்ன அக்கா?"

"நச்சுப்புகை அலாரம். அடுப்புக்குக் காத்துப் போதாட்டில் ஒரு புகை வரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆளை நித்திரையாக்கிக் கொண்டு போயிடும். மாதாவுக்கு இஞ்சால நல்ல இடம் தாறன். இது இதிலதான்."

பிறகு கட்டிலுக்குக் கீழே சாமான் வைக்கும் பெட்டி செய்யும்போது, றோஸ்மலரைக் கூப்பிட்டுத் தரையைக் காட்டினார். தரையில் ஒரு உள்ளங்கை அகலத்தில் ஓட்டை, அதற்குக் கம்பி வலை. குனிந்தால் கீழே புல் தெரிந்தது. குளிர்காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. றோஸ்மலருக்கு விமான வாசல் ஞாபகம் வந்து, கால் கூசியது.

"இதை அடைச்சு விடுவம் அக்கா. காத்து வருது."

"வரட்டும். அதுக்குத்தான் வைச்சிருக்கிறான். காஸ் ஒழுகினால் கீழால இறங்கிப் போகவேணும், நல்ல காத்து உள்ள வரவேணும். இது வண்டியின்ர மூக்கு, றோஸ். மூக்கை அடைக்கிறதே?"

பெட்டியின் அடிப்பலகையை ஓட்டைக்கு மேலே இரண்டு விரல் உயர்த்தித்தான் அடித்தார்.

றோஸ்மலர் ஓம் என்று தலையாட்டினாள். ஆனால் அன்றிரவு அவளுடைய மனதில் இரண்டு பயம் எழும்பி நின்று சண்டை பிடித்தன. ஒரு பக்கம் கொறற்றி அக்கா சொன்ன புகை. அதை அவள் கண்டதில்லை. மறுபக்கம் தாதி சொன்ன காற்று, கிருமி, வயிறு. அந்தப் பயத்தோடு அவள் தினமும் நாலு முறை சீவித்தாள். காணாத பயத்தைவிடக் கண்ட பயம்தான் அவளுக்குப் பெரிதாய்த் தெரிந்தது. யாத்திரைக்குப் புறப்படும் நாள் காலை, ஒருவரும் பார்க்காத நேரத்தில், தன்னுடைய பழைய நீலப் பருத்திச் சேலையை எட்டாய் மடித்து, பெட்டிக்குக் கீழே கை விட்டு, அந்த ஓட்டைக்குள் இறுக்கி அடைத்துவிட்டாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டாள்.

பயணம் நல்லபடி போயிற்று. ஒரு லாச்சியும் திறக்கவில்லை, ஒரு ரின்னும் விழவில்லை. கொறற்றி அக்கா காரின் பின் இருக்கையில் இருந்து, வளைவு வரும்போதெல்லாம் திரும்பிக் கரவனைப் பார்த்துக்கொண்டு வந்தார். வழியில் ஒரு இடத்தில் நிறுத்தி, றோஸ்மலர் வெள்ளை மேசையை விரித்துத் தண்ணீர் மாற்றினாள். கரவனுக்குள் ஒரு நூல் காற்றும் இல்லை.

"பாத்தியளே, என்ன அமைதி," என்றாள் கணவனிடம்.

"ஓம், வீட்டை விட நல்லம்," என்றார் சவிரிமுத்து. அவருடைய முகம் அந்த வருடத்தில் முதல் முறையாகச் செழித்திருந்தது.

வால்சிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளியில் கரவனை நிறுத்தினார்கள். மறுநாள் சனி. பத்து மணிக்குச் சவிரிமுத்து தொப்பி போட்டுக்கொண்டு வெளியே ஒரு பெரிய காஸ் அடுப்பைப் பற்றவைத்து, கிடாரத்தில் தண்ணீர் வைத்து, தன் கையால் அரிசி கழுவிப் போட்டார். பயறு போட்டார். பகல் பூசை முடிந்து சனம் வரும்போது தேங்காய்ப்பால் விட்டு இறக்குவதாகத் திட்டம். ஜெனோசனும் கொறற்றி அக்காவும் பூசைக்குப் போனார்கள்.

பதினொன்றரைக்கு மழை பிடித்தது. அந்த நோர்போக் பக்கத்து மழை, பக்கவாட்டில் அடிக்கும் மழை. வெளி அடுப்பு இரண்டு தரம் அணைந்தது. கஞ்சி பாதி வெந்தபடி கிடந்தது. சவிரிமுத்துவுக்குத் தண்ணீர் மாற்றும் நேரமும் அதுதான்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் உள்ள போய்ப் படுங்கோ. நான் கஞ்சியை உள்ள அடுப்பில வைக்கிறன்."

"கிடாரம் கொள்ளுமே?"

"இரண்டு அடுப்புக்கும் மேலால வைச்சால் கொள்ளும்."

கொண்டது. கிடாரத்தின் அடி இரண்டு அடுப்பையும் முழுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்தது. நீலமாய் எரியவேண்டிய நெருப்பு மஞ்சளாய்ப் பக்கத்தால் நக்கியது. றோஸ்மலர் அதைப் பார்த்தாள், ஆனால் அதற்குள் அவளுடைய மனம் அடுத்த வேலைக்குப் போய்விட்டது. யன்னல்களை மூடினாள். கூரை மூடியை இறுக்கினாள். கதவின் அடியில் ஒரு துவாயைச் சுருட்டி வைத்தாள். கை கழுவினாள், முகமூடி போட்டாள், பையைக் கொளுக்கியில் தொங்கவிட்டாள், குழாயைப் பொருத்தினாள். பழைய தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

மழை கரவன் கூரையில் அரிசி கொட்டுவதைப் போலக் கொட்டியது. கிடாரம் மெல்லக் கொதித்தது. யன்னல்களில் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"தலை இடிக்குது, றோஸ்," என்றார் சவிரிமுத்து.

பிறசர் ஏறுகிறதோ? கிருமி போய்விட்டதோ? இறங்கிய தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் வெளிச்சமே மங்கலாக இருந்தது. அவளுக்கும் நெற்றி பிளந்தது. அது பயத்தால் என்று நினைத்தாள். எங்காலாவது காற்று வருகிறதோ என்று யன்னல் ஓரங்களைத் தடவிப் பார்த்து, இன்னும் இறுக்கினாள்.

புதுத் தண்ணீர் பாதி உள்ளே போயிருக்கும்போது, தலைமாட்டில் இருந்த வெள்ளைப் பெட்டி அலறத் தொடங்கியது.

றோஸ்மலர் திடுக்கிட்டாள். ஆனால் அந்தச் சத்தம் அவளுக்குப் பழகிய சத்தம். ஹவுன்ஸ்லோ வீட்டில் மிளகாய் பொரித்தால் புகை அலாரம் இப்படித்தான் கத்தும்; உடனே யாராவது ஓடிப்போய்க் கீழே நின்று துவாயை வீசுவார்கள்; கொஞ்ச நேரத்தில் வாயை மூடும். அவள் கதவடியில் இருந்த துவாயை எடுத்தாள். பெட்டிக்குக் கீழே நின்று வீசினாள். அது இன்னும் கத்தியது. கால் தள்ளாட, கட்டிலைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வீசினாள்.

"சத்தம் போடாத, சத்தம் போடாத. அவருக்குத் தலையிடி," என்று பெட்டியிடம் கெஞ்சினாள்.

சவிரிமுத்து பேசவில்லை. கண் பாதி மூடியிருந்தது. உதடு விசித்திரமாய்ச் சிவந்திருந்தது.

"இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோ!"

அவர் ஏதோ முனகினார். அவளுக்குக் கத்தவேண்டும் போல் இருந்தது. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நாலடி. அந்த நாலடியும் விமான வாசலைப் போல் அவள் முன்னால் திறந்து கிடந்தது. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை.

கதவு வெளியில் இருந்து திறந்தது. மழையும் குளிரும் கொறற்றி அக்காவும் ஒன்றாக உள்ளே விழுந்தன. மழை பிடித்ததும் வெளி அடுப்பை நினைத்து, பாதிப் பூசையில் எழும்பி வந்தவர் அவர். ஒரே எட்டில் காஸைத் திருகி மூடினார். ஒரு அடியில் கூரை மூடியைத் திறந்தார்.

"குழாய்க்குக் கிளிப் போடு, றோஸ். கிளிப் போடு. உன்ர கைக்குத் தெரியுமெல்லே, போடு!"

றோஸ்மலரின் தலை சுற்றியது, ஆனால் கைக்குத் தெரிந்திருந்தது. கிளிப்பைப் போட்டாள். கொறற்றி அக்கா சவிரிமுத்துவின் அக்குளுக்குள் கை கொடுத்து இழுத்தார். கொளுக்கியில் இருந்த பையையும் கழற்றி, ஒரு கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மூவரும் மழைக்குள், புல்லில், விழுந்து எழும்பி உட்கார்ந்தார்கள். பக்கத்துக் கரவன்காரர் ஓடி வந்து அம்புலன்சுக்குப் போன் அடித்தார். கொறற்றி அக்கா தன்னுடைய குடையைச் சவிரிமுத்துவின் வயிற்றுக் குழாய்க்கு மேலே பிடித்தார். அவருடைய தலை நனைந்தது, பூசைக்குக் கட்டிய சேலை நனைந்தது. குழாயில் மட்டும் ஒரு துளி படவில்லை.

"கத்தி மூச்செடு தம்பி. என்னைத் திட்டு. ஏதாவது பேசு."

சவிரிமுத்து இருமினார். நீண்ட நேரம் இருமினார். பிறகு, "கஞ்சி அடிப்பிடிக்கப்போகுது," என்றார்.

கொறற்றி அக்கா வானத்தைப் பார்த்து, "தோத்திரம் ஆண்டவரே" என்றார். றோஸ்மலர் அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

அம்புலன்சோடு தீயணைப்புக்காரர் ஒருவரும் வந்தார். கையில் ஒரு சின்ன மெசினோடு கரவனுக்குள் போனார். யன்னல், அடுப்பு, கூரை எல்லாம் பார்த்தார். பிறகு முழங்காலில் இருந்து கட்டிலுக்குக் கீழே கை விட்டு, அந்த நீலச் சேலையை இழுத்து எடுத்தார். வெளியே வந்து அதைத் தூக்கிக் காட்டினார். யார் இதைச் செய்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அம்புலன்ஸ் படியில் ஒட்சிசன் முகமூடியோடு இருந்த றோஸ்மலருக்கு உலகமே நின்றுவிட்டது. ஜெனோசன் மழையில் ஓடி வந்து மூச்சு வாங்கியபடி நின்றான். அவனுடைய கண் அந்தச் சேலையில் இருந்தது. கணவருடைய கண்ணும் அதில்தான் இருந்தது.

"உள் வேலை எல்லாம் என்ர வேலை," என்றார் கொறற்றி அக்கா, தன்னுடைய உடைந்த ஆங்கிலத்தில். "நான்தான் செய்தது. பிழை என்ர."

தீயணைப்புக்காரர் ஐந்து நிமிடம் கடுமையாகப் பேசினார். இன்னும் கால்மணி நேரம் போயிருந்தால் இரண்டு பேரையும் போர்வை மூடித்தான் இறக்கியிருப்போம் என்றார். கொறற்றி அக்கா பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வசனத்துக்கும் "யெஸ் சேர், யெஸ் சேர்" என்றார். தீயணைப்புக்காரர் பேசி முடித்ததும் சேலையைக் கேட்டு வாங்கி, பிழிந்து, சின்னதாய் மடித்துத் தன்னுடைய கைப்பைக்குள் வைத்தார்.

ஆசுப்பத்திரியில் ஒரு இரவு வைத்திருந்து, ஒட்சிசன் கொடுத்து, ஞாயிறு பின்னேரம் விட்டார்கள். வயிற்றில் கிருமி இல்லை. அதற்குள் கொறற்றி அக்கா கிடாரத்தை வெளி அடுப்புக்கு மாற்றி, நாலு பேரைக் கொண்டு தார்ப்பாய் பிடிக்க வைத்து, பால் விட்டு, சனத்துக்குக் கஞ்சி வார்த்து முடித்திருந்தார்.

"சவிரிமுத்துவின்ர கஞ்சி எண்டு சொல்லித்தான் குடுத்தனான்," என்றார். "ஆனா உம்மட கையால வார்க்கேல்லை, தம்பி. நேர்த்தி பாதிதான் முடிஞ்சுது. அடுத்த முறையும் வரவேணும்."

வீட்டுக்கு வந்த பிறகு றோஸ்மலருக்கு நித்திரை இல்லாமல் போயிற்று. யாராவது சேலையைப் பற்றிக் கேட்பார்களோ என்று ஒவ்வொரு நாளும் பயந்தாள். ஒரு கிழமை கழித்து, வேலையில், சீற்றுகளுக்கு நடுவே குனிந்து நின்றபடி, "அக்கா, அது நான்தான்," என்றாள்.

"எது?"

"சேலை."

"எனக்குத் தெரியாதே? நீ அதைக் கட்டிக்கொண்டு எத்தனை முறை பூசைக்கு வந்தனி," என்றார் கொறற்றி அக்கா, சீற்றுக்கு அடியில் கை விட்டு ஒரு கடலைப் பையை எடுத்தபடி. "இந்த வரிசை முடிஞ்சுது. அங்கால போ."

அடுத்த ஞாயிறு சேலை தோய்த்து, இஸ்திரி போட்டு, காகிதப் பையில் வந்தது. அதைக் கொடுத்துவிட்டு அன்றைக்கே கொறற்றி அக்கா கரவனுக்குள் படுத்து, தரை ஓட்டைக்கு மேலே புதிதாக ஒரு தகட்டுக் கூண்டு செய்து ஆணி அடித்தார். பக்கமெல்லாம் காற்றுப் போகத் துளை. ஆனால் துணி ஒன்றும் உள்ளே நுழையாது. இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். எழும்பி வந்து தேத்தண்ணி குடித்தார். பிறகு திரும்பிப் போய் மூன்றாம் முறை இழுத்தார்.

சேலையை அடைத்தது தான்தான் என்று சவிரிமுத்துவிடம் சொல்ல றோஸ்மலர் ஐந்து மாதம் எடுத்தாள். நத்தார்ப் பண்டிகை முடிந்த பிறகுதான் சொன்னாள். "எனக்குக் கிருமி வருமெண்டுதானே," என்றார் அவர். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

தை மாதம் கொறற்றி அக்கா பேசாலைக்குப் போனார். ஒரு தங்கச்சி அங்கே இருந்தா. எட்டு மாதம் நின்று வருவதாகச் சொன்னார். முப்பது வருடத்துக்கு மேல் போகாத ஊர். தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பூசைக்குப் போய் வந்து பாயில் சாய்ந்தவர் எழும்பவில்லை என்று அந்தத் தங்கச்சி போன் எடுத்துச் சொன்னா. நல்ல மரணம். ஆண்டவர் அவரை மெல்லத்தான் எடுத்தார். ஆனால் றோஸ்மலருக்கு அன்று தொடங்கி விமானத்து வாசல் மறுபடியும் அகலமாய்த் தெரிகிறது. அவள் இப்போது தன்னுடைய பையைத் தானே அதற்கு மேலே போட்டுக் கடக்கிறாள்.

இந்த ஆடியும் வருகிறது. கிடாரம் கழுவி வைத்தாயிற்று. சவிரிமுத்து தன் கையால் கஞ்சி வார்க்கவேண்டும். றோஸ்மலர் அந்தக் கட்டிலில், அந்தத் துளைகளால் வருகிற குளிரில், மூன்று இரவு படுக்கவேண்டும். நினைத்தால் இப்போதே பயம் வருகிறது. வரும்போதெல்லாம் அவள் ஹீத்ரோவில் அந்தத் தை மாதத்துக் காலையை நினைக்கிறாள்.

அன்றைக்கு அவள்தான் கொறற்றி அக்காவை வழியனுப்பப் போனாள். பத்தொன்பது வருடம் வேலைக்காரர் வாசலால் நுழைந்தவர், முதல் முறையாகப் பயணிகள் வரிசையில் பெட்டியோடு நின்றார். நல்ல சேலை. புதுச் சப்பாத்து, அதற்குக் கயிறு இருந்தது.

"ஏறினதும் சீற்றுக்குக் கீழ கை விட்டுப் பாப்பன்," என்றார். "துப்பரவாக்கி இருக்கினமோ எண்டு. இல்லாட்டில் அங்கையிருந்து உனக்குப் போன் வரும்."

றோஸ்மலர் சிரித்தாள். பிறகு சிரிப்பு அழுகையாகிவிட்டது. "அக்கா, ஆடிக்கு நீங்கள் இல்லாமல் எனக்குக் கரவனுக்குள்ள படுக்கப் பயமா இருக்கும். அந்தக் காத்து வரேக்க அடைச்சுப்போடுவனோ எண்டும் பயமா இருக்கு."

பாதுகாப்பு வரிசை நகர்ந்தது. கொறற்றி அக்கா பெட்டியின் கைப்பிடியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். இரண்டடி போனவர், திரும்பி வந்து றோஸ்மலரின் கன்னத்தைத் துடைத்தார்.

"பயந்தால் பயந்துகொண்டு கிட, றோஸ். அது பாவமில்லை. ஓட்டையை மட்டும் அடைக்காத. சரி, போயிட்டு வாறன்."